சாமி என்று கும்பிட்டோம்

போன வருடம் தீபாவளி முடிந்து, முறுக்கு டப்பாக்கள் இன்னும் காலியாகாத ஒரு சனிக்கிழமை. மலேசியாவில், ஜொகூரின் உலு திராமில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய திடலில் இசைத் திருவிழா நடந்தது. மத்தியானத்திலிருந்து உறுமி மேளக் குழுக்களின் போட்டி, அந்திக்கு மேல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பாடகரின் கச்சேரி என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் ஒத்துக்கொள்ளாது. நான் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். வாரம் முழுக்க இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் தொண்டையே ஒலிபெருக்கியாகிவிட்டது என்று என் கணவர் கிண்டல் செய்வார். லீவு நாளிலாவது காதுக்கு ஓய்வு வேண்டாமா? ஆனாலும் போனேன். காரணம், என் அக்கா மகன்.

அக்கா தங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். மாமா தவறிப்போய்ப் பல வருடமாகிறது. இருப்பது ஒரே மகன். பாசீர் கூடாங்கில் அவனுக்கு வேலை கிடைத்ததும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டு, "ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை எனக்கு எப்போதுமே ஒரு பாரம்தான். அவன் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பேன்.

அவனுக்கு ஒரு கூட்டாளி. நல்ல நெட்டை. நான் அவனை நெட்டையன் என்றே கூப்பிடுவேன், அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பும் பிழைப்பு. அவன் ஓர் உறுமிக் குழுவில் உறுமி வாசிப்பவன். என் அக்கா மகனுக்கு மேளம் அடிக்க வராது. குழுவோடு போவான், மேளம் தூக்குவான், முன்னால் நின்று ஆடுவான். அன்றைக்கு அவர்கள் குழுவும் போட்டியில் இருந்ததால், "சின்னம்மா, நீங்க கண்டிப்பா வரணும்லா" என்று ஒரு வாரமாக நச்சரித்துவிட்டான்.

வாசலில் பை சோதனை நடந்தது. சிகரெட், லைட்டர், வேப் என்கிற மின்சிகரெட் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஜொகூரில் வேப்பைக் கடையில் விற்கவே தடை என்கிறார்கள். ஆனால் அங்கே வைத்திருந்த கூடையில் விதவிதமான நிறத்தில் வேப்புகள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாய்ப் போட்டார்கள். எங்கள் முறை வந்தபோது, சோதனை செய்த மலாய்க்காரத் தம்பி உறுமி மேளத்தைச் சுற்றியிருந்த சிவப்புத் துணி உறையில் கை வைக்கப் போனான். அதில் குங்குமம், வேப்பிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டியிருந்தது.

"அதுல கை வைக்காதீங்க, பூச போட்டது" என்றான் நெட்டையன். அந்தத் தம்பிக்குத் தமிழ் புரியவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். முன்னால் போய் நின்று, இது பூஜைப் பொருள், ஜாங்கான் பெகாங், தொடாதே என்று மலாயில் ஒரு வாங்கு வாங்கினேன். அவன் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, உள்ளே அனுப்பினான். நம் சாமிக்காகப் பேசிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

உள்ளே போனால் வேறு உலகம். திரும்பிய பக்கமெல்லாம் புகை பிடிக்கக் கூடாது என்று பலகை. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டே நாலு பேர் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைப் பக்கம் போனால் மாம்பழ வாசனை, ஸ்ட்ராபெரி வாசனை. கல்லூரிப் பெண்கள்கூடக் கைக்குள் எதையோ பொத்திக்கொண்டு நின்றார்கள். வாசலில் கூடை நிறையப் பிடுங்கியும் இவ்வளவு உள்ளே வந்திருக்கிறதே, எப்படி என்று யோசித்தேன். என் பக்கத்திலேயே பதில் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் குழுவின் முறைக்கு இன்னும் நேரமிருந்தது. மேடைக்குப் பின்னால் கூடாரங்களுக்கு நடுவே எல்லாக் குழுக்களும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஒரு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அக்கா மகனும் நெட்டையனும் லாரிகள் நின்ற பக்கம் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். நெட்டையன் மேளத்தை மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். அக்கா மகன் முன்னால் ஆடினான்.

திடீரென்று அவன் ஆட்டம் மாறியது. தலை பின்னால் போனது. கண் மேலே சொருகியது. கைகால் வெடவெடவென்று உதறியது.

"அருள் வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரத்தில் என் மனசில் வந்தது சந்தோஷம்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குலசாமி முனியாண்டி. ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் எங்கள் அப்பாவுக்கு அருள் வரும். அப்பா போன பிறகு வீட்டில் யாருக்கும் வரவில்லை. சாமி நம்மை விட்டுப் போய்விட்டதே என்று அக்கா ஒவ்வொரு திருவிழாவிலும் கண் கலங்குவாள். மகனுக்காவது வராதா என்று வேண்டுதல்கூட வைத்திருந்தாள். அதனால் கொஞ்சமும் யோசிக்காமல் கைப்பேசியை எடுத்து அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன்.

அவள் கடையில் இருந்தாள். மகனைப் பார்த்ததும் துணிக் கட்டுகளுக்கு நடுவே அப்படியே நின்று கை இரண்டையும் கூப்பினாள். "அப்பனே, வந்துட்டியா! இத்தன வருசம் கழிச்சு வந்துட்டியா!" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கை விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பியது. இரண்டு பேர் அவனைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். வேறு குழுவைச் சேர்ந்த, தோளில் சிவப்புத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் முன்னால் வந்தார். "எந்தச் சாமி வந்திருக்கு?" என்று கேட்டார். "முனியாண்டி" என்று நான்தான் சொன்னேன்.

"அப்பச் சுருட்டு கொண்டாங்கப்பா. மேளத்த விடாதீங்க, நல்லா அடிங்க!"

குழுக்கள் கூடவே கொண்டுவரும் பூஜைத் தட்டில் சுருட்டு எப்போதும் இருக்கும். அவர் ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார். மேளங்கள் வேகமெடுத்தன. அக்கா, "என்ன வேணும்னு கேளுடி, சாமிகிட்ட கேளு!" என்று கைப்பேசிக்குள்ளிருந்து கத்தினாள். நான் கேட்பதற்காக அவன் முகத்துக்குப் பக்கத்தில் போனேன்.

அவன் கண்ணைப் பார்த்தேன்.

அப்பாவுக்கு அருள் வந்து நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண் சிவந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்கும். மூச்சு புஸ்புஸ் என்று பத்தடிக்குக் கேட்கும். இவன் கண்ணில் கருவிழியே இல்லை. மூச்சு வந்தது, பிறகு வரவில்லை, பிறகு தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டதுபோல் ஒரு சத்தத்தோடு வந்தது. உதட்டின் ஓரத்தில் நுரை. விபூதிக்கு நடுவே அந்த உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கீழே பார்த்தேன். கால்சட்டை நனைந்திருந்தது.

நிமிர்ந்து நெட்டையனைப் பார்த்தேன். கூட்டத்திலேயே கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். கை அதன் பாட்டுக்கு மேளத்தை உரசிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். பக்கத்தில் ஓர் அம்மா, "பாரு, எப்படிப் பக்தியில உருகுறான்" என்று மெச்சிக்கொண்டாள். அது பக்தி இல்லை, பயம். தொழிற்சாலையில் யாராவது தப்பு செய்துவிட்டுச் சொல்ல முடியாமல் நிற்கும்போது வரும் முகம் எனக்குத் தெரியும்.

"நிறுத்து!" என்றேன். என் தொண்டைக்கே அந்த மேளத்தில் மதிப்பில்லை. பெரியவர் சுருட்டை நன்றாக இழுத்துக் கங்கு வரவைத்து, அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனார். இனி பேசிப் பயனில்லை என்று, செருப்புக் காலோடு ஓடிப்போய் நெட்டையனின் உறுமி மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

உறுமி நின்றால் மற்ற மேளங்களுக்குப் பிடி கிடையாது. ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. கூட்டம் என் மேல் பாய்ந்தது. "சாமி நிக்கும்போது மேளத்த நிறுத்துவாங்களா? ஒங்களுக்கு அறிவில்லயா?" என்று ஒருவர் கையை ஓங்கினார். நான் அவரைத் தள்ளிவிட்டு, பெரியவர் கையிலிருந்த சுருட்டைத் தட்டிவிட்டேன்.

"இது சாமி இல்ல! புள்ளைக்கு மூச்சு வரல! பாருங்க, மூச்சு வரல!"

மேளம் இல்லாத அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் அவன் தொண்டைச் சத்தம் கேட்டது. பிடித்திருந்தவர்கள் பயந்து கையை விட, அவன் தரையில் விழுந்தான். விழுந்தும் உதறல் நிற்கவில்லை. "அலமாக், வலிப்புலா இது!" என்று யாரோ சொன்னார்கள். முதலில் ஓடியவர் அந்தப் பெரியவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேடைக்கு அந்தப் பக்கம் இருந்த முதலுதவிக் கூடாரத்துக்கு அவர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன்.

மருத்துவ உதவியாளராக வந்தவர் ஒரு மலாய்ப் பெண். வந்தவுடன் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயைச் சுத்தம் செய்தார். ஏதேதோ வெளியே வந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, "அப்பா டியா ஹிசாப்?" என்றார். எதை இழுத்தான் என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியாகப் பார்க்க முடியும், யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார்.

அவருக்குப் பின்னாலேயே இரண்டு போலீஸ்காரர்களும் வந்து நின்றுவிட்டார்கள். குழுப் பையன்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் நெட்டையனிடம் போனேன்.

"என்னடா குடுத்த அவனுக்கு?"

"தெரியல ஆன்ட்டி."

"தெரியாமயா அழுவுற?"

அவன் போலீஸ்காரர்கள் பக்கம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வேல போயிரும் ஆன்ட்டி. யூரின் டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுது. சிங்கப்பூருக்குள்ள திரும்ப விட மாட்டான். வீட்ல நான் ஒருத்தன்தான்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அவன் அம்மாவின் மருத்துவச் செலவும் தங்கையின் படிப்பும் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்று எனக்கும் தெரியும். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தரையில் அக்கா மகனுக்கு இரண்டாவது முறை இழுப்பு வந்தது.

அப்போதுதான் என் கையில் இருந்த கைப்பேசி பேசியது. அழைப்பை நான் துண்டிக்கவே இல்லை; நடுவில் இணைப்பு சிக்கி நின்று, இப்போதுதான் திரும்ப வந்திருந்தது. "ஏன்டி மேளத்த நிறுத்துனாங்க? சாமி மலையேறிருச்சா? என்ன சொல்லுச்சு?" என்று அக்கா கேட்டாள். கூட்டத்துக் கால்களைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரிந்திருக்காது. கூப்பிய கையை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

கைப்பேசியை அப்படியே திருப்பி நெட்டையன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க பாரு. நீயே சொல்லு அவங்ககிட்ட. சாமி இல்லம்மான்னு சொல்லு."

அவன் அந்தச் சின்னத் திரையைப் பார்த்தான். அக்கா, "தம்பி, நீயாடா? எம்புள்ள நல்லா ஆடினானா?" என்று கேட்டாள்.

நெட்டையன் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதான். அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்து, கழற்றிப் போட்டிருந்த சிவப்பு உறையை இழுத்து, அடியில் மடிப்புக்குள் கைவிட்டு ஒரு வேப்பை எடுத்தான். போலீஸ்காரர்களைப் பார்க்காமல் நேராக அந்த உதவியாளர் பெண்ணிடம் நீட்டினான். சாதாரண வேப் இல்லை, போதை மருந்து கலந்தது, கைப்பேசி வழியாக ஒருவனிடம் வாங்கியது, தான் ஒரு தடவைதான் இழுத்ததாகவும் அவன் நிறைய இழுத்துவிட்டதாகவும் மலாயில் கடகடவென்று சொல்லி முடித்தான். அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, அவன் தோளை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

மத்தியானம் வாசலில் நான் சண்டை போட்டுக் காப்பாற்றிய அதே உறை.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். ஏறும்போது போலீஸ்காரர் ஒருவர் நெட்டையனின் கையைப் பிடித்திருந்தார். அவன் திமிறவில்லை. "ஆன்ட்டி, அவன் பொழச்சுக்குவானா?" என்று மட்டும் கேட்டான். தலையை ஆட்டினேன். எனக்கு என்ன தெரியும்?

பாதி வழியில் அக்கா மகனுக்கு மூச்சு நின்றது. அந்தப் பெண் முகமூடிப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். வெளியே சனிக்கிழமை நெரிசல். சைரன் ஊளையிட்டும் வண்டிகள் மெதுவாகத்தான் விலகின. விபூதி அப்பிய அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமியைக் கூப்பிடக்கூட அப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. "அக்கா, அக்கா" என்றுதான் வாயில் வந்தது. மருத்துவமனை வாசல் திரும்பும்போது அவன் ஒருமுறை தானாக இருமினான். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் மடியில் தலை வைத்து அழுதேன்.

கைப்பேசியில் எல்லாம் கேட்டுவிட்டு, தங்காக்கிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் காரில் அக்கா வந்து சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோய் வெகு நேரமாகியிருந்தது. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். டாக்டர் வந்து, இனி பயமில்லை, இழுத்தது என்னவென்று முன்கூட்டியே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"சாவக் கெடந்த புள்ளயக் கும்பிட்டேன்டி நான்" என்றாள். "கடையில எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, அவங்களையும் கும்பிட வச்சேன்."

பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

மறுநாள் கண் விழித்தவன் முதலில் கேட்டது, போட்டியில் யார் ஜெயித்தது என்று. அவனை அறைவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அக்கா இரண்டையும் செய்தாள்.

பிறகு அவனுக்குப் பரிசோதனை, வழக்கு, ஆலோசனை வகுப்பு என்று எல்லாமே நடந்தது. இப்போது வேலைக்குப் போகிறான். புகை என்றால் ஊதுபத்திப் புகைக்குக்கூட எழுந்து போய்விடுகிறான். நெட்டையன் பயந்தபடியே அவனுக்குச் சிங்கப்பூர் வேலை போனது. இங்கேயே ஒரு டயர் கடையில் பாதிச் சம்பளத்துக்கு நிற்கிறான். அந்த நாசத்தை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அவன் தெரியாது என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா ஒவ்வொரு முறை உலு திராம் வரும்போதும் அவன் வீட்டுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அவன் இன்னும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

போன மாதம் எங்கள் கோயில் திருவிழாவில் உறுமி உச்சத்துக்குப் போனபோது ஒரு பெண்ணுக்கு அருள் வந்தது. சுற்றியிருந்த எல்லாரும் கை கூப்பினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் போய், மூச்சு சீராக வருகிறதா என்று நின்று கேட்டேன். வந்தது. அதற்குப் பிறகுதான் கும்பிட்டேன். சிலர் முறைத்தார்கள், முறைக்கட்டும். நான் மூச்சைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டால் முனியாண்டி கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.